பழைய ஆர்.வி.யில் குறைந்த செலவில் அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனம்: பணம் போதுமா, வண்டி தாங்குமா?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டாலஸில் இருக்கிறீர்கள். 1994ஆம் வருடத்து ஃபோர்டு இ-350 சேஸிஸில் கட்டிய 24 அடி மோட்டார்ஹோம் ஒன்றை (படுக்கை, அடுப்பு, கழிவறையோடு வீடு போலக் கட்டிய ஆர்.வி. வண்டி) 9,000 டாலருக்குப் பேசி வைத்திருக்கிறீர்கள். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் விடுப்பு. நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிஃபோர்னியாவின் டெத் வேலி, யூட்டா எல்லாம் பார்த்துத் திரும்ப வேண்டும். நடுவில் மதுரையிலிருந்து அப்பா, அம்மா வந்து சேர்ந்துகொள்வார்கள். வண்டி விலை போகக் கையில் 6,000 டாலர். “போதுமா?” என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியதே இல்லை. பாலைவனத்து நடுவே பழைய வண்டி படுத்துவிட்டால் என்ன கதி என்பதுதான் உண்மையான கேள்வி. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. வாகன எஞ்சின்களின் குளிர்விப்பு முறைகளைச் சோதிப்பது என் தொழில். அரிசோனா வெயிலில் வண்டிகளை ஏற்றத்தில் ஓட்டி, எங்கே சூடு மீறுகிறது என்று பார்த்துப் பார்த்தே வருடங்கள் போயின. குளிர்காலத்தில் சொந்த ஆர்.வி.யோடு பாலைவனத்தில் தங்குவதும் உண்டு. ஆகவே எஞ்சின், டயர், ஏற்ற இறக்கம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கூரை, மரச்சட்டம் பற்றிச் சொல்வது பழக்கத்தில் தெரிந்தது. விசா, மருத்துவம் என் துறை அல்ல. அந்த இடங்களில் எச்சரிக்கை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

6,000 டாலர் போதும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் சுற்றுக்குப் போதாது. தென்மேற்கில் தங்குவதற்குக் கிட்டத்தட்ட செலவே இல்லை, நகர்வதற்குத்தான் செலவு. உங்கள் வண்டி கேலனுக்கு எட்டு மைல் கொடுத்தாலே நல்ல வண்டி. டாலஸிலிருந்து எல் பாஸோ, டூசான், ஃபீனிக்ஸ் வழியாக மேற்கு அரிசோனாவின் குவார்ட்ஸைட் வரை ஏறக்குறைய 1,200 மைல். போக வர 2,400. அங்கிருந்து அக்கம்பக்கம் சுற்ற 800 சேர்த்தால் 3,200 மைல், அதாவது 400 கேலன். கேலன் மூன்றேகால் டாலர் என்று வைத்தால் 1,300 டாலர். இதோடு டெத் வேலி, ஸயான், மோவாப், சாந்தா ஃபே என்று வளையம் போட்டால் 5,000 மைலைத் தாண்டிவிடும், பெட்ரோல் மட்டும் 2,000 டாலருக்கு மேல். கலிஃபோர்னியாவுக்குள் விலை இன்னும் ஏறும். கொலராடோ ஆற்றைத் தாண்டுவதற்கு முன் அரிசோனா பக்கமே டேங்கை நிரப்பிக்கொள்வது அந்தப் பக்கத்து ஆர்.வி.க்காரர்கள் எல்லோருக்கும் பழக்கம். பணத்தை விடுங்கள், ஓட்டும் ஒவ்வொரு நூறு மைலும் முப்பது வயது வண்டிக்கு ஒரு பரீட்சை. குறைவாக ஓட்டினால் இரண்டு கவலையும் சேர்ந்து குறையும்.

யூட்டாவை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பாலைவனம் என்றால் வெயில் என்று நினைக்கிறோம், ஆனால் அங்கே வானிலையைத் தீர்மானிப்பது உயரம். யூமா கடல்மட்டத்திலிருந்து 140 அடிதான். குவார்ட்ஸைட் 900 அடிக்குக் கொஞ்சம் கீழே. இந்த இடங்களில் ஜனவரிப் பகல் நம் ஊர் மார்கழிக் காலை போல இருக்கும், இரவில் ஐந்தாறு டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். அதே ஜனவரியில் ஃப்ளாக்ஸ்டாஃபும் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பும் 7,000 அடியில் பனிக்குள் கிடக்கும். யூட்டாவின் பிரைஸ் கேன்யன் அதைவிட உயரம். பழைய ஆர்.வி.யின் தண்ணீர்க் குழாய்கள் வண்டிக்கு அடியில் திறந்தபடி ஓடும். உறைநிலைக்குக் கீழே ஒரு இரவு முழுக்க நின்றால் குழாய் வெடிக்கும், பம்ப் விரியும். கிராண்ட் கேன்யனைப் பார்க்காமல் திரும்ப முடியாது என்றால், ஆர்.வி.யைக் கீழே விட்டுவிட்டு, வானம் தெளிந்த ஒரு வாரத்தில் வாடகைக் காரில் போய் ஒரு இரவு விடுதியில் தங்கிவிட்டு வாருங்கள். ஆர்.வி.யை ஃபீனிக்ஸிலிருந்து 6,000 அடி மேலே ஏற்றி இறக்கும் பெட்ரோலையும் கவலையையும் கணக்கிட்டால் அது ஒன்றும் ஆடம்பரம் இல்லை. டெத் வேலியைக் கடைசி இரண்டு வாரத்துக்கு, வண்டி நம்பிக்கை கொடுத்திருந்தால் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வண்டி. பார்க்கப் போகும்போது உள்ளே ஏறிச் சோஃபாவையும் அடுப்பையும் பார்ப்பதற்கு முன் குனிந்து டயரைப் பாருங்கள். ஆர்.வி. டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பட்டன் புதிதாக இருக்கும், உள்ளே ரப்பர் செத்திருக்கும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடத்தின் 23ஆம் வாரம் செய்தது. அந்த எண் சில டயர்களில் உள்பக்கம் திரும்பியிருக்கும். படுத்துப் பார்க்க வேண்டியிருந்தால் படுத்துப் பாருங்கள். ஏழு வருடத்தைத் தாண்டியிருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும், ஆறு டயரையும் மாற்றும் செலவை விலைப்பேச்சில் கொண்டுவாருங்கள். பொருத்துக்கூலியோடு சுமார் 1,000 முதல் 1,400 டாலர் ஆகும். பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் உள் டயரில் காற்றுப் போனால் வெளியே தெரியாது. சுமையை மற்றொரு டயர் தாங்கிக்கொண்டு சூடேறும், பிறகு அதுவும் பிய்ந்துகொண்டு போகும். பிய்ந்த ரப்பர் பட்டை சும்மா போகாது, அடிப்பலகை, கழிவுக்குழாய், சில வண்டிகளில் எரிவாயுக் குழாய் வரை அடித்துக் கிழிக்கும். ஆகவே காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது ஆறையும் அளவுகோலால் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். மணிக்கு 55, 60 மைலுக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் சூடும் கூடும், பெட்ரோலும் குடிக்கும்.

அடுத்தது எஞ்சின் சூடு. இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பது கூலன்ட்டுக்கும் (எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் திரவம்) வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி, ஜூலை மாத வெளிக்காற்று 45 என்றால் வித்தியாசம் 50. ஜனவரியில் காற்று 15 என்றால் வித்தியாசம் 80. அதே ரேடியேட்டர் ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை செய்கிறது. கோடையில் கொதித்துப் போயிருக்கும் வண்டி குளிர்காலத்தில் அதே ஏற்றத்தை அலட்டாமல் ஏறுவதற்குக் காரணம் இதுதான். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதங்கள் பாதி வேலையை முடித்துவிட்டன. இதே கேள்வியை ஜூன் மாதப் பயணத்துக்குக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன்.

மிச்சப் பாதி பராமரிப்பு. அந்த வருடத்து இ-350 மோட்டார்ஹோம்களில் பெரும்பாலும் 7.5 லிட்டர் வி8 எஞ்சின் இருக்கும். 460 என்று அழைப்பார்கள். பெட்ரோலைக் குடிக்கும், ஆனால் முரட்டு உழைப்பாளி. எரிபொருளை ஊசி வழியே பீய்ச்சும் முறை வந்துவிட்ட காலத்து வண்டி என்பதால் கார்புரேட்டர் வண்டிகளின் வெயில் கோளாறுகள் இதில் பெரிதாக இல்லை. மேல், கீழ் ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும் எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். மூடியைச் சில்லறைச் சாமான் என்று நினைக்காதீர்கள். அது தாங்கும் அழுத்தம்தான் கூலன்ட்டின் கொதிநிலையை உயர்த்திப் பிடிக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியால் மட்டுமே நல்ல எஞ்சின் ஏற்றத்தில் கொதிப்பதைப் பார்த்திருக்கிறேன். சூடு கூடும்போது விசிறியை இணைத்துச் சுழற்றும் ஃபேன் கிளட்ச்சையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் சூடு கூடும்போது விசிறி உறுமும் சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அது சும்மா சுற்றுகிறது. என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும், ஏனென்றால் பழைய மோட்டார்ஹோம் தீப்பிடிப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இத்தனையும் மெக்கானிக் கூலியோடு சுமார் 500 டாலருக்குள் முடிய வேண்டும்.

ஏற்றத்தில் ஓட்டுவதற்கு ஒரு முறை உண்டு. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். ஏ.சி.யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு அதற்குச் சுடுகாற்றை ஊட்டுகிறது. ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே ஏறும் ஐ-17 நெடுஞ்சாலையிலும், கலிஃபோர்னியாவின் பேக்கர் ஊரிலிருந்து லாஸ் வேகஸ் போகும் ஐ-15லும் இதைச் சொல்லிப் பலகையே வைத்திருக்கிறார்கள். ஓவர்டிரைவை (எஞ்சின் மெதுவாகச் சுற்றும் மேல் கியர்) அணைத்துக் கீழ் கியரில் போங்கள். எஞ்சின் சத்தம் போடும், பயப்பட வேண்டாம். சுற்று கூடினால் தண்ணீர் பம்பும் விசிறியும் வேகமாகச் சுற்றும், கியர்பாக்ஸும் குளிரும். லாரிகளோடு சேர்ந்து வலது ஓரமாக 35, 40 மைலில் ஏறுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அப்படியும் முள் ஏறினால் வண்டிக்குள் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். அது ஒரு குட்டி ரேடியேட்டர். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. இறக்கம் ஏற்றத்தைவிட ஆபத்து. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் அடி வரை போகும், வண்டி நிற்காது. அதை மாற்றாமல் மலைப்பக்கம் போகக் கூடாது.

இதன்படி சில சாலைகள் உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டெத் வேலிக்கு மேற்கிலிருந்து வரும் டவுன் பாஸ் என்ற மலைக்கணவாய், கடல்மட்டத்தில் இருக்கும் ஸ்டவ்பைப் வெல்ஸிலிருந்து சுமார் 17 மைலில் ஏறக்குறைய 5,000 அடி உயர்கிறது. கிழக்கே பரம்ப் ஊரிலிருந்து டெத் வேலி ஜங்ஷன் வழியாக 190ஆம் சாலையில் நுழைவது எவ்வளவோ சாது. யூட்டாவின் ஸயான் பூங்காவில் உள்ள 1930ஆம் வருடத்துச் சுரங்கப்பாதை 7 அடி 10 அங்குலத்தைவிட அகலமான வண்டிகளைப் பெரிய வண்டி என்று கணக்கிடுகிறது. உங்கள் வகை மோட்டார்ஹோம் பெரும்பாலும் எட்டடி அகலம். 2026 நடுப்பகுதியிலிருந்து பெரிய வண்டிகளுக்கு அந்தச் சாலையில் இடமில்லை என்று பூங்கா அறிவித்துவிட்டது.

கூரை பற்றி ஓர் எச்சரிக்கை. பாலைவனத்திலேயே இருந்த வண்டியில் துரு இருக்காது, ஆனால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கூரைப்பூச்சும் வெயிலில் செத்திருக்கும். மழை இல்லாத ஊர் என்பதால் ஒழுகுவது சொந்தக்காரருக்கே தெரியாது. மழை ஊரிலிருந்து வந்த வண்டியில் மரச்சட்டம் உளுத்திருக்கலாம். ஓட்டுநர் தலைக்கு மேல் நீண்டிருக்கும் படுக்கையின் மூலைகள், ஜன்னல்களின் கீழ்ப்பகுதி, குளியலறைக் கூரை மூன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் அந்த வண்டி வேண்டாம். எஞ்சின் கோளாறுக்கு முடிவு உண்டு, உளுத்த சட்டத்துக்கு இல்லை. கார்பன் மோனாக்சைடு, எரிவாயுக் கசிவு இரண்டுக்குமான அலாரங்களின் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது முடிந்துபோயிருக்கும், வாங்கிய அன்றே மாற்றுங்கள்.

தங்குவதற்கு வருவோம். டெக்சஸில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது, எல் பாஸோ வரை இலவச இடம் என்று கணக்குப் போடாதீர்கள். நியூ மெக்சிகோவில் டெமிங் பக்கம் ராக்ஹவுண்ட், சிட்டி ஆஃப் ராக்ஸ் என்ற இரண்டு மாநிலப் பூங்காக்கள் குறைந்த கட்டணத்தில் நல்ல நிறுத்தங்கள். அரிசோனாவுக்குள் போனதும் பி.எல்.எம். எனப்படும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நிலம் பரந்து கிடக்கும். பொதுவான விதி, 28 நாளில் 14 நாள் வரை ஒரே இடத்தில் இலவசமாகத் தங்கலாம், பிறகு நகர வேண்டும். தண்ணீர், கழிப்பறை, மின்சாரம் எதுவும் இருக்காது. ஏற்கெனவே வண்டிகள் நின்ற தடத்தில் மட்டும் நிறுத்த வேண்டும். குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே லா போஸா, யூமாவுக்கு வடக்கே இம்பீரியல் டாம் போன்ற நீண்டகாலத் தங்குமிடங்களில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை முழுப் பருவத்துக்கும் 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்று பல வருடமாக இருந்துவருகிறது. இவை இரண்டிலும் தண்ணீர் பிடிக்கவும், கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் இடம் உண்டு. முதல் மூன்று வாரத்துக்கு நான் உங்களை அனுப்புவது லா போஸாவுக்குத்தான். அழகுக்காக இல்லை. குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து இறங்கிவரும் ஓய்வுபெற்றவர்கள் அங்கே கூடுகிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு உங்கள் வண்டியைப் பிரித்து மாட்டத் தெரியும். வீட்டு வாசலுக்கே வந்து பழுது பார்க்கும் ஆர்.வி. மெக்கானிக்குகளும் அந்த மாதங்களில் கிடைப்பார்கள். புதிதாக வாங்கிய வண்டியின் கோளாறுகள் முதல் இரண்டு வாரத்தில்தான் தலைகாட்டும். அது அங்கே காட்டட்டும்.

போனால் ஊர்க் கல்லறையையும் பாருங்கள். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனச் சரக்குப் போக்குவரத்துக்காக ஒட்டகங்களை வரவழைத்து டெக்சஸில் இறக்கியது. அவற்றை மேய்க்க வந்தவர்களில் ஒருவர் ஹாஜி அலி. உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ஹை ஜாலி ஆகிவிட்டது. 1902இல் இறந்த அவருக்குக் குவார்ட்ஸைட்டில் கல்லாலான பிரமிடு, அதன் உச்சியில் செம்பு ஒட்டகம். ராணுவம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஒட்டகங்கள் மேல் குறையில்லை, உள்நாட்டுப் போர் குறுக்கே வந்துவிட்டது.

அங்கிருந்து அடுத்த நிறுத்தங்கள் எல்லாமே ஒருநாள் ஓட்டத்துக்குள். கோஃபா வனவிலங்குக் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது, கூட்டம் இல்லாமல் மலையடிவாரத்தில் இலவசமாகத் தங்கலாம். தெற்கே அஹோ ஊர், அதற்கப்பால் ஆர்கன் பைப் காக்டஸ் தேசிய நினைவிடம். பிறகு டூசானை ஒட்டிய சவாரோ பூங்கா. சோயா (cholla) என்று சொல்லும் கள்ளி வகை ஒன்று உண்டு. லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும், பல் அகன்ற சீப்பு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நவஹோ பழங்குடி நாட்டு நிலம் பொதுநிலம் அல்ல, அனுமதிச்சீட்டு இல்லாமல் இரவில் நிறுத்தக் கூடாது. அரிசோனா மாநில அறக்கட்டளை நிலத்துக்கும் தனி அனுமதி வேண்டும். காய்ந்த ஓடைப்படுகை மணல் சமமாக, நிழலோடு, ஆசையைக் கிளப்பும்படி இருக்கும். அங்கே நிறுத்தாதீர்கள். மழை நாற்பது மைலுக்கு அப்பால் பெய்தாலும் தண்ணீர் உங்களிடம் வரும். தடுப்பு வைத்த வெள்ளச் சாலைக்குள் வண்டியை விட்டு மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டுநரிடமே வசூலிக்க அரிசோனாவில் 1995 முதல் சட்டம் இருக்கிறது. மக்கள் அதை முட்டாள் ஓட்டுநர் சட்டம் என்றே அழைக்கிறார்கள். ஐ-10இல் புழுதிப்புயல் வந்தால் சாலையை விட்டு முடிந்தவரை விலகி நின்று, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் நீங்கள் சாலையில் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து உங்களை நோக்கியே வருவார்.

சமையல் பற்றி உங்கள் மனைவி கேட்டிருந்தது நியாயமான கேள்வி. பிரஷர் குக்கர்தான் உங்கள் வண்டியின் முதல் சாமான். எரிவாயுவும் தண்ணீரும் மிச்சம், உயரமான இடங்களில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும் தொல்லையும் இல்லை. 110 வோல்ட் மிக்ஸி என்றால் 1,500 வாட் அல்லது அதற்கு மேலான இன்வெர்ட்டரில் ஓடும். சட்னி அரைக்கும் மூன்று நிமிடத்துக்கு பேட்டரியிலிருந்து போவது இரண்டு மூன்று ஆம்ப்-அவர்தான். ஜனவரியில் 100 வாட் சோலார் பலகை ஒன்றே நாளைக்குச் சுமார் 25 ஆம்ப்-அவர் தரும். பேட்டரியைத் தின்பது மிக்ஸி இல்லை, இரவெல்லாம் ஓடும் ஹீட்டரின் விசிறி. நல்ல ரஜாய் இரண்டு வாங்குங்கள். இட்லி மாவு அந்தக் குளிரில் பொங்காது, பைலட் என்ற சிறு சுடர் எப்போதும் எரியும் பழைய அடுப்பாக இருந்தால் அதன் ஓவனுக்குள் வைத்தால் பொங்கும். நல்ல தண்ணீர்த் தொட்டி 30, 40 கேலன்தான் இருக்கும். இருவருக்குச் சிக்கனமாக ஒரு வாரம், நால்வருக்கு மூன்று நாள். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தனி. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் தரையில் திறந்துவிடாதீர்கள்.

அந்த நால்வர் கணக்குதான் என்னை யோசிக்க வைக்கிறது. இது அனுபவத்தில் சொல்லும் கருத்து, விதி அல்ல. அப்பா, அம்மாவை இரண்டு மாதத்தில் பத்து நாளுக்கு மேல் ஆர்.வி.யில் வைக்காதீர்கள். மேல் படுக்கைக்கு அவர்களால் ஏற முடியாது. பின்னிருக்கைகளில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். கழிவறை முட்டியை இடிக்கும். காற்றில் ஈரமே இல்லாததால் தாகம் தெரியாமலே உடல் வற்றும். அவர்களை ஃபீனிக்ஸுக்கு விமானத்தில் வரவழையுங்கள். அந்தப் பத்து நாளும் மின்சாரம், தண்ணீர் இணைப்புள்ள ஒரு ஆர்.வி. பூங்காவில் வண்டியை நிறுத்தி, வாடகைக் காரில் ஊர் சுற்றுங்கள். கிராண்ட் கேன்யனும் அப்போதே முடிந்துவிடும். 2026 முதல் தேசியப் பூங்காக்களின் வருடச் சீட்டு அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். கிராண்ட் கேன்யன், ஸயான் உள்ளிட்ட 11 பூங்காக்களில் சீட்டு இல்லாத வெளிநாட்டவருக்குக் கூடுதலாக 100 டாலர் கட்டணமும் வந்திருக்கிறது. அவர்கள் விஷயத்தில் எது பொருந்தும் என்பதைப் புறப்படும் வாரம் பூங்காவின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஆவணங்களை மறக்க வேண்டாம். லாஸ் குரூஸஸுக்கு மேற்கே ஐ-10இலும், யூமாவிலிருந்து வடக்கே வரும் 95ஆம் சாலையிலும், திரும்பும்போது டெக்சஸின் சியேரா பிளாங்காவிலும் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. குடியுரிமை இல்லாத, 18 வயது நிறைந்தவர்கள் கிரீன் கார்டோ, பாஸ்போர்ட்டோடு ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) நகலோ கையில் வைத்திருக்க வேண்டும். பெற்றோரின் பாஸ்போர்ட்டும் அப்படியே, பெட்டிக்கு அடியில் இல்லாமல் எடுக்க வசதியாக. யூமா பக்கம் போனால் எல்லோரும் பல் வைத்தியத்துக்கு மெக்சிகோவின் அல்கோடோனஸுக்கு நடந்து போவார்கள். விசா முத்திரை முடிந்தவர்கள் வழக்கறிஞரிடம் கேட்காமல் கூடச் சேர்ந்து போய்விடாதீர்கள்.

பணக்கணக்கை இப்போது முடிக்கலாம். டயர் 1,200, பராமரிப்பு 500, பெட்ரோல் 1,300, நீண்டகாலச் சீட்டு 180, இணைப்புள்ள பூங்காவில் சில இரவுகள் 400, எரிவாயு 150, காப்பீடும் சாலை உதவியும் 250, பூங்காச் சீட்டு 80. ஏறக்குறைய 4,000 டாலர். சாப்பாடு வீட்டில் இருந்தாலும் ஆகும் செலவு என்பதால் சேர்க்கவில்லை. பெற்றோருக்கான விமானம், வாடகைக் கார், விடுதி இதில் இல்லை. மிச்சம் 2,000. அதை மிச்சம் என்று நினைக்காதீர்கள், வண்டி இழுத்துப் போகவும் பழுதுக்கும் ஒதுக்கிய பணம் அது. இன்னொன்று, டெக்சஸில் வாகன விற்பனை வரி 6.25 சதவீதம். 9,000க்கு 562 டாலர், அது இந்த 6,000க்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாலை உதவித் திட்டம் எடுக்கும்போது மோட்டார்ஹோமை இழுக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சாதாரணக் கார் உறுப்பினர் அட்டைகள் பல இரட்டைச் சக்கர வண்டியைத் தொடாது, ஆர்.வி.க்கென்று தனிச்சேர்ப்பு வேண்டும்.

வண்டி நின்றேவிட்டால்? நெடுஞ்சாலையை விட்டு விலகி நிறுத்துங்கள், மைல் கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு அழையுங்கள், வண்டியை விட்டு நடக்காதீர்கள். பாலைவனத்தில் இறந்தவர்களில் பலர் வண்டியை விட்டு நடந்தவர்கள். கார்க்காரருக்கு அந்த நிலைமை நெருக்கடி. உங்களுக்கு அங்கேயே படுக்கை, அடுப்பு, நாற்பது கேலன் தண்ணீர் இருக்கும். ஜனவரியில், ஐ-10 ஓரத்தில், தொலைபேசி சமிக்ஞையோடு நிற்பது எரிச்சலும் செலவுமான ஒருநாள், அவ்வளவுதான். தனி மண்சாலையில், சமிக்ஞை இல்லாத இடத்தில் நிற்பது வேறு விஷயம். அதனால்தான் முதல் மாதம் தார்ச்சாலையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே தங்குங்கள் என்கிறேன்.

இந்தக் குறிப்பிட்ட வண்டி நல்ல வண்டியா என்று எழுத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. முதல்முறை பார்க்கப் போகும்போது விற்பவரிடம் எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஆறு டயர்களின் நான்கு இலக்கம், கியர்பாக்ஸ் ஆயிலை வெள்ளைத் தாளில் தொட்டு வைத்த படம் (சிவப்பா, பழுப்பா என்று தெரிய வேண்டும்), தலைப்படுக்கை மூலைகளின் படம் மூன்றையும் இங்கேயே போடுங்கள். பார்த்துவிட்டு 9,000 கொடுக்கலாமா, 7,000 கேட்கலாமா என்று சொல்கிறேன்.